பழுத்த பழத்துக்காக ஊர் மாறிய ஓவியர்

ஒல்லாந்தர் என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கோட்டை. அடுத்தது சட்டம், 1707இல் தேசவழமையை எழுத்தில் தொகுக்கச் செய்தவர்கள் அவர்கள்தான். மூன்றாவது, தீவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள். வேலணையை லைடன் என்றார்கள், காரைநகரை ஆம்ஸ்டர்டாம் என்றார்கள், நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றார்கள். டெல்ஃப்ட் என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்து 1795 வரை வைத்திருந்த அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் சொந்த ஊர்களில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களில் ஒரு சிலர் மேசையில் பழங்களை அடுக்கிவைத்து, அவை அழுகுவதற்குள் வரைந்து முடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், படங்களை வாசிப்பது பற்றிய ஒரு பாடத்தில்தான் யான் டாவிட்ஸ் டி ஹேம் என்ற பெயரை முதன்முதலில் கேட்டேன். டாவிட்ஸ் என்றால் டாவிட்டின் மகன். தகப்பன் பெயரை எழுத்தாகச் சுருக்கிப் பெயரோடு கொண்டு திரிகிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழங்களை வரைந்த ஐரோப்பிய ஓவியர்களில் அவரை மிஞ்சியவர் இல்லை என்பது அவருடைய காலத்திலேயே இருந்த அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவரைப் பற்றி நான் திரும்பத் திரும்ப வாசித்ததற்குக் காரணம் பழம் மட்டுமல்ல. ஒரு நீண்ட யுத்தத்துக்குள் பிறந்து, அதற்குள்ளேயே வளர்ந்து, ஊர் ஊராக மாறி, வயதான காலத்தில் இன்னொரு படையெடுப்பால் கிளம்பிப் போன ஒரு மனிதர், ஒரு சிப்பாயைக்கூட வரைந்து பெயர் வாங்காமல், முந்திரிகைப் பழத்தையும் பீச் பழத்தையும் தேசிக்காயையும் வரைந்துகொண்டிருந்தார். அது எப்படி முடிந்தது என்பதுதான் என் கேள்வி.

அவர் 1606இல் உட்ரெக்ட் நகரில் பிறந்தார். ரெம்பிராண்ட் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஸ்பெயின் மன்னருக்கு எதிராக ஒல்லாந்து மாகாணங்கள் 1568இல் தொடங்கிய போர் அப்போது முப்பத்தெட்டாவது ஆண்டில் இருந்தது. அது எண்பது ஆண்டுப் போர் என்று சரித்திரத்தில் பெயர் வாங்கியது. இடையில் 1609 முதல் 1621 வரை ஒரு போர்நிறுத்தம். ஆக, டி ஹேம் தன்னுடைய மூன்று வயதிலிருந்து பதினைந்து வயதுவரை போர்நிறுத்தக் காலத்துப் பிள்ளை. போர்நிறுத்தக் காலத்தில் பிள்ளைப்பருவத்தைக் கழிப்பது என்றால் என்னவென்று எங்களில் பலருக்குத் தெரியும். பெரியவர்கள் வீடு திருத்துவார்கள், ஆனால் பெட்டியைப் பரணில் ஏற்ற மாட்டார்கள்.

இளமையில் அவருடைய பெயரோடு அன்ட்வேர்ப் ஊர்க்காரர் என்ற அடையாளமும் ஒட்டியிருந்தது. அன்ட்வேர்ப் என்பது தெற்கே, ஸ்பெயினின் ஆட்சிக்குள் இருந்த பெரிய துறைமுக நகரம். 1585இல் அந்த நகரம் ஸ்பானியப் படையிடம் விழுந்தபோது, புரட்டஸ்தாந்து மதத்தவர்கள் மதம் மாறவோ வெளியேறவோ நான்கு ஆண்டுகள் தவணை கொடுக்கப்பட்டது. நகரத்தின் சனத்தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வடக்கே ஒல்லாந்து நகரங்கள் அன்ட்வேர்ப்பிலிருந்து வந்தவர்களால் நிரம்பின. நெசவாளர், வியாபாரிகள், அச்சுக்காரர், ஓவியர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒல்லாந்து ஓவியத்தின் பொற்காலம் என்று புத்தகங்கள் பேசுகிற விடயத்தில் இடம்பெயர்ந்தவர்களின் கைக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தப் புத்தகங்கள் ஓரிரண்டு வசனத்தில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது குறையாகவே படுகிறது.

உட்ரெக்டில் அப்போது பல்தசார் வான் டெர் அஸ்ட் என்ற ஓவியர் இருந்தார். பழக்கூடை, சங்கு, பூச்சி, பல்லி என்று வரைந்தவர். டி ஹேமின் ஆரம்ப ஓவியங்களில் அவருடைய சாயல் அப்படியே தெரிகிறது. இருபது வயதுக்குள் டி ஹேம் லைடன் நகருக்குப் போய்விட்டார். 1626இல் அங்கே அலெட்டா வான் வேடே என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார்.

லைடனைப் பற்றி ஒரு விடயம் சொல்லிவிட்டுப் போகிறேன். 1574இல் ஸ்பானியப் படை அந்த நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். கடைசியில் ஒல்லாந்தர் தங்கள் சொந்த அணைகளையே உடைத்து, வயல்களுக்குள் கடலை விட்டு, படகில் வந்து நகரத்தை மீட்டார்கள். மீட்டவர்கள் முதலில் கொடுத்த சாப்பாடு உப்பிட்ட ஹெரிங் மீனும் வெள்ளைப் பாணும். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 3ஆம் திகதி அந்த நகரத்தில் அதே மீனையும் அதே பாணையும் கொடுக்கிறார்கள். எங்கள் கஞ்சி ஞாபகத்துக்கு வராமல் இதை வாசிக்க என்னால் முடியவில்லை. முற்றுகையைத் தாங்கியதற்காக அந்த நகரத்துக்கு 1575இல் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது.

டி ஹேம் போன காலத்தில் லைடன் புத்தகங்களின் ஊர். அதனால் அவர் அங்கே வரைந்ததும் புத்தகங்கள். ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் நூதனசாலையில் 1628ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. ஒரு மேசை, அதில் ஓரம் கிழிந்து, தாள் சுருண்டு, கட்டு விட்டுப்போன புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, ஒரு வயலின் இருக்கிறது. முழுக்க மண்நிறமும் சாம்பல்நிறமும்தான். படிப்பும் பெயரும் புகழும் கடைசியில் கிழிந்த தாள்தான் என்று சொல்கிற வகை. இந்த வகைக்கு வானிடாஸ் என்று பெயர். வீண் என்று அர்த்தம். மண்டையோடு, மணல் கடிகாரம், அணைந்த மெழுகுதிரி எல்லாம் இந்த வகையில் வழக்கமாக வருபவை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கிழிந்த புத்தகக் குவியலை வெறும் தத்துவமாகப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

1635இல் லைடனில் கொள்ளைநோய் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டளவில் டி ஹேம் அன்ட்வேர்ப்பில் இருக்கிறார். அங்கே ஓவியர் சங்கத்தில் சேர்ந்து, 1637இல் நகரவாசி உரிமையும் பெற்றார். போர் இன்னும் முடியவில்லை. அதாவது ஒல்லாந்தில் பிறந்த ஒருவர் ஸ்பெயினின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போய்க் குடியேறியிருக்கிறார். ஏன் போனார்? அவருடைய காலத்தில் வாழ்ந்த ஜெர்மானிய ஓவியர் யோவாகிம் வான் சான்ட்ரார்ட் 1675இல் வெளியிட்ட நூலில் ஒரு காரணம் எழுதியிருக்கிறார். பெரிய பிளம்ஸ், பீச், செரி, தோடம்பழம், எலுமிச்சை, முந்திரிகை என்று அபூர்வமான பழங்கள் அன்ட்வேர்ப்பில் நன்றாகப் பழுத்த நிலையில் கிடைத்தனவாம். அவற்றை நேரில் பார்த்து வரைவதற்காகவே அவர் போனாராம்.

முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழத்துக்காக ஒருவர் போர்க்கோட்டைத் தாண்டுவாரா? பிறகு அந்த ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க, அது நம்பக்கூடிய காரணம்தான் என்று படுகிறது. கொள்ளைநோயும் காரணமாக இருந்திருக்கலாம், பணக்கார வாடிக்கையாளர்களும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் பழம் என்பது மூலப்பொருள். காய் வேறு, பழம் வேறு. நேற்றுப் பறித்த பழமும் மூன்று நாள் பெட்டியில் கிடந்த பழமும் வேறு வேறு.

முந்திரிகைப் பழத்தையே எடுத்துக்கொள்வோம். கடையில் வாங்கிய முந்திரிகைக்கும் பந்தலில் தொங்குகிற முந்திரிகைக்கும் உள்ள வித்தியாசம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் இருந்தது. பழத்தின் மேல் திருநீறு பூசியது போல மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கும். விரல் பட்டால் அந்த இடம் மட்டும் பளபளவென்று கறுத்துவிடும். யார் களவாகத் தொட்டது என்று அம்மம்மா அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பந்தலின் கம்பிகூட இல்லை. டி ஹேமின் முந்திரிகைகளில் அந்தத் திருநீற்றுப் படலம் இருக்கிறது. சில பழங்களில் அது கொஞ்சம் துடைபட்டும் இருக்கிறது. பழத்தை யாரோ கையால் எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள் என்று அதைப் பார்த்தால் விளங்கும்.

அதை எப்படிச் செய்தார்கள் என்று ஓரளவு விரிவாகவே சொல்லலாம். ஏனென்றால் வில்லெம் பேர்ஸ் என்ற ஒல்லாந்து ஓவியர் 1692இல் எழுதிய கைந்நூலில், எந்தப் பழத்துக்கு எந்த வர்ணத்தை எந்த ஒழுங்கில் பூச வேண்டும் என்று சமையல் குறிப்புப் போலப் போட்டிருக்கிறார். இந்தக் காலத்து ஆய்வாளர்கள் டி ஹேமின் ஓவியங்களை எக்ஸ்கதிர் கொண்டு வருடிப் பார்த்து, அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டும் இருக்கிறார்கள். ஒரே தடவையில் வரைவதில்லை. முதலில் பலகையிலோ துணியிலோ ஓர் அடித்தளப் பூச்சு. அதன்மேல் ஒவ்வொரு பழத்தின் உருவத்துக்கும் மங்கலான ஒரு நிறம். அது காய வேண்டும். எண்ணெய் வர்ணம் காய நாட்கள் எடுக்கும். அதற்குள் மேசையிலுள்ள பழம் சுருங்கத் தொடங்கிவிடும் என்பது வேறு கதை. காய்ந்த பிறகு ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய வர்ணப் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் போகும்.

முந்திரிகையின் சூட்சுமம் ஒளியில் இருக்கிறது. இடது பக்கம் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால், வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. கல் உருண்டையாக இருந்தால் எதிர்ப்பக்கம் இருட்டாகிவிடும். முந்திரிகை கல் அல்ல. வெளிச்சம் தோலுக்குள் புகுந்து சதைக்குள் பரவி, எதிர்ப்பக்கத்தில் வலது கீழ் ஓரத்தில் தேன் நிறத்தில் கசியும். டி ஹேம் அந்தக் கசிவை ஒவ்வொரு பழத்திலும் வைத்திருக்கிறார். சில பழங்களில் உள்ளே விதையின் நிழலும் தெரியும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கடைசியாக, நீலமும் வெள்ளையும் கலந்த வர்ணத்தை மிக மெல்லியதாக, கீழே இருப்பதை முழுதாக மறைக்காமல் தேய்த்து அந்தத் திருநீற்றுப் படலம் வருகிறது.

எலுமிச்சைக்கு நேர் எதிரான முறை. பாதி தோல் சீவி, தோல் சுருளாக மேசை விளிம்பில் தொங்க விட்டிருப்பார்கள். அந்தத் தோலின் சொரசொரப்புக்கு ஈயமும் தகரமும் சேர்ந்த மஞ்சள் வர்ணத்தைத் தடிப்பாகப் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். கையால் தடவினால் மேடு தெரியும். உள்ளே ஈரமான சுளைக்கு மட்டும் மெல்லிய படலங்கள். ஒரே பழத்தில் மூன்று விதமான கைவேலை. அதனால்தான் எலுமிச்சை இல்லாத ஒல்லாந்து மேசையைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓவியர் தன் திறமையைக் காட்ட அது ஒன்றே போதும்.

அன்ட்வேர்ப் போய் நான்கு ஆண்டுக்குள், 1640இல், அவருடைய மிகப் பெரிய ஓவியங்களில் ஒன்று வந்தது. இன்று பாரிஸ் லூவர் நூதனசாலையில் இருக்கிறது. இரண்டு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரம். விருந்து முடிந்தும் முடியாத மேசை. விரிப்பு ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது, பழங்கள் தட்டிலிருந்து வழிகின்றன, ஒரு பணியாரம் வெட்டியபடி இருக்கிறது, இடது பக்கம் ஒரு வீணை போன்ற லூட் என்ற இசைக்கருவி சாய்ந்திருக்கிறது. லைடனின் சாம்பல் நிறத்தை அவர் விட்டுவிட்டார். அன்ட்வேர்ப்பின் ஆடம்பரம் வந்துவிட்டது. ஆனால் லைடனில் பழகிய பொறுமை கையில் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தவர் அவர்தான் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வார்கள்.

அந்த மேசையில் மனிதர் யாரும் இல்லை. இந்த வகை ஓவியம் எதிலும் இருக்கமாட்டார்கள். சாப்பிட்டவர் எழுந்து எங்கேயோ போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று விளக்கம் சொல்வார்கள். விருந்தினரின் இடத்தில் பார்வையாளர் தன்னை வைத்துக்கொள்வதற்காக அப்படி வரைந்தார்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆட்கள் இல்லாத பொருட்களின் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்; கடற்கரை மணலில் சட்டியும் செருப்பும் அடையாள அட்டையும் கிடக்கிற படங்கள். அந்தப் பழக்கத்தோடு லூவர் மேசையைப் பார்த்தால், எழுந்து போனவர் எவ்வளவு அவசரத்தில் போனார் என்றுதான் நான் முதலில் தேடுகிறேன். இது டி ஹேமின் நோக்கம் என்று சொல்லவில்லை. நான் பார்க்கிற விதம் இது.

இந்த வகை ஓவியத்துக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் ஸ்டில்லெவன். அசையாத உயிர் என்று சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் அதையே செத்த இயற்கை என்கிறார்கள். ஒல்லாந்துப் பெயர்கூட 1650 அளவில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முதல் சொத்துப் பட்டியல்களில் பழம், விருந்து, காலைச் சாப்பாடு என்று மேசையில் இருப்பதையே பெயராக எழுதினார்கள்.

பொருட்களின் அர்த்தத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, அதிகம் மிகைப்படுத்தப்பட்டும் இருக்கிறது. முந்திரிகை கிறிஸ்துவின் இரத்தம். கோதுமைக் கதிர் அவருடைய உடல். அப்பிள் ஆதி பாவம். செரி மோட்சத்தின் பழம். மாதுளம்பழம் உயிர்த்தெழுதல். வால்நட் உடைந்திருந்தால் அதன் ஓடு சிலுவை மரம், பருப்பு கிறிஸ்து. பீச் பழம் இதயம், அதன் ஒற்றை இலை நாக்கு. இரண்டும் சேர்ந்தால் உண்மை. எலுமிச்சை வெளியே அழகு, உள்ளே புளிப்பு. பட்டாம்பூச்சி உயிர்த்த ஆன்மா, ஈ அழுகல். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இவற்றில் பாதி பழக்கமானவை. 1970களில் எட்டி டி யோங் போன்ற ஒல்லாந்து ஆய்வாளர்கள் இந்த ஓவியங்களை மறைபொருள் அகராதி கொண்டு வாசிக்கப் பழக்கினார்கள். 1983இல் ஸ்வெட்லானா அல்பர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மறுத்தார். ஒல்லாந்தர் உலகத்தைக் கண்ணால் அளந்து விவரிப்பதில் மகிழ்ந்தவர்கள், எல்லாப் பழத்துக்குள்ளும் பிரசங்கம் தேட வேண்டாம் என்பது அவருடைய வாதம்.

நான் அல்பர்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஆனால் முழுதாக இல்லை. டி ஹேமே இரண்டு விதமாகவும் வரைந்திருக்கிறார். வியன்னாவில் இருக்கிற 1648ஆம் ஆண்டு ஓவியத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. நடுவில் நற்கருணைக் கிண்ணமும் அப்பமும்; சுற்றிலும் முந்திரிகைக் குலையும் கோதுமைக் கதிரும் பழங்களுமாக ஒரு மாலை. அங்கே முந்திரிகை என்றால் இரத்தம்தான். ஆனால் லூவர் மேசையின் முந்திரிகை வாங்கினவருடைய சாப்பாட்டு அறையில் தொங்கியது. அங்கே அது முதலில் முந்திரிகை. மற்றதெல்லாம் பார்க்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது. 1648 என்பது எண்பது ஆண்டுப் போர் சமாதானத்தில் முடிந்த ஆண்டும்கூட. டி ஹேமுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. முதன்முறையாக அவர் பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் இடையில் போர் இல்லை.

மேசையில் இருக்கிற இன்னொரு அர்த்தத்தைப் பற்றி அகராதிகள் அண்மைக் காலம்வரை பேசவில்லை. சீனப் பீங்கான் தட்டு, நத்தையோட்டில் செய்த கிண்ணம், மற்ற ஒல்லாந்து ஓவியர்களின் மேசைகளில் காகிதச் சுருளில் கொட்டி வைத்த மிளகு. இவை எல்லாம் கப்பலில் வந்தவை. லூவர் ஓவியம் வரையப்பட்ட அதே 1640 மார்ச் மாதத்தில்தான் ஒல்லாந்துக் கம்பனி காலியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது, கறுவாவுக்காகத்தான். அதற்கு முதல், 1621இல், சாதிக்காய்க்காக பண்டா தீவுகளின் மக்களை அந்தக் கம்பனி அழித்து ஒழித்தது. ஓவியத்தில் தட்டின் பளபளப்பு இருக்கிறது, அதை ஏற்றி இறக்கியவர் இல்லை. ஓவியரைக் குற்றக்கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அவர் இருந்த அன்ட்வேர்ப் அந்தக் கம்பனியின் ஊரும் அல்ல.

இடையில் அவருடைய குடும்பக் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அலெட்டா 1643இல் இறந்தார். அடுத்த ஆண்டு அன்னா ருக்கர்ஸ் என்பவரை மணந்தார். இரண்டு மகன்மார், கொர்னேலிஸும் தகப்பன் பெயரையே கொண்ட யானும், ஓவியர்களானார்கள். பட்டறையில் மகன், மாணவர், உதவியாளர் எல்லாரும் ஒரே பாணியில் வரைந்ததால் எது யாருடைய கை என்று பிரிப்பதற்கே பின்னால் வந்தவர்கள் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள்.

1660களில் அவர் மறுபடியும் பிறந்த ஊரான உட்ரெக்டுக்கு வந்து பட்டறை போட்டார். அறுபது வயது. ஐரோப்பா முழுவதும் பெயர். வேலையைப் பகிர்ந்துகொள்ள பிராங்பேர்ட்டிலிருந்து வந்த அபிரகாம் மின்யோன் என்ற இளைஞர் இருந்தார். நிலைமை நன்றாகத்தான் இருந்தது. ஓவியக் கோட்பாடு எழுதியவர்கள் பழம் வரைகிறவர்களைக் கடைசி வரிசையில்தான் வைத்தார்கள். சரித்திரமும் வேதாகமமும் வரைகிறவர்கள்தான் மேலே. சந்தை அந்தத் தரவரிசையைக் கணக்கில் எடுக்கவில்லை. டி ஹேமின் ஓவியம் ஒன்றுக்கு 2000 கில்டர்வரை பேசப்பட்டதாக ஹவுப்ராகன் என்ற வரலாற்றாளர் எழுதியிருக்கிறார். ஒரு கைத்தொழிலாளி ஆண்டு முழுவதும் உழைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 300 கில்டர்.

1672 வந்தது. அந்த ஆண்டுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரே அழிவாண்டு. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரும் இங்கிலாந்தும் இரண்டு ஜெர்மானிய ஆயர்களின் படைகளும் ஒரே நேரத்தில் அந்த நாட்டைத் தாக்கின. ஜூன் மாதத்தில் உட்ரெக்ட் பிரெஞ்சுப் படையின் கைக்குள் போனது. 1673 நவம்பர்வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். வீடுகளில் சிப்பாய்கள் தங்கினார்கள், நகரத்திடம் பெருந்தொகைக் கப்பம் கேட்டார்கள். டி ஹேம் கிளம்பிவிட்டார். மறுபடியும் அன்ட்வேர்ப். இந்த முறை பழுத்த பழத்துக்காகப் போகவில்லை. மின்யோன் உட்ரெக்டிலேயே தங்கிவிட்டார். பட்டறை அவருடைய கைக்குப் போனது. 1679இல், நாற்பது வயதுக்குள், அவர் இறந்தார்.

அந்த ஆண்டில் ஓவியச் சந்தையும் விழுந்தது. சாப்பாட்டுக்கு வழி தேடுகிறவர்கள் சுவருக்குப் படம் வாங்க மாட்டார்கள். டெல்ஃப்டில் யோஹானஸ் வெர்மீர் ஒரு படமும் விற்க முடியாமல் கடனில் மூழ்கி 1675இல் இறந்தார். அவருடைய மனைவி பின்னர் கொடுத்த விண்ணப்பத்தில் அந்தப் போரைத்தான் காரணமாகக் காட்டினார். ஹவுப்ராகன் இன்னொரு கதையும் சொல்கிறார். உட்ரெக்டைச் சேர்ந்த வான் டெர் மேர் என்ற ஓவியர் பிரெஞ்சுப் படையெடுப்பில் தன் சொத்தை இழந்துவிட்டார். கையில் மிஞ்சியது முதலில் வாங்கி வைத்திருந்த டி ஹேமின் பழ மாலை ஓவியம் ஒன்று. மேலே சொன்ன 2000 கில்டர் பேசப்பட்டது அதற்குத்தான். அவர் அதை விற்கவில்லை. மாலையின் நடுவே இருந்த வெற்றிடத்தில் நாட்டின் புதிய தலைவர் இளவரசர் மூன்றாம் வில்லியத்தின் முகத்தை வரைவித்து, அவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். பதிலுக்கு உட்ரெக்ட் நகரசபையில் ஓர் ஆசனம் கிடைத்ததாம். ஹவுப்ராகன் கதை சொல்வதில் கெட்டிக்காரர், ஆகவே கொஞ்சம் உப்போடு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழங்களும் பூக்களும் சூழ நடுவில் வில்லியத்தின் முகத்தோடு ஓர் ஓவியம் பிரான்சில் லியோன் நகர நூதனசாலையில் இருக்கிறது. போருக்குப் பிறகு யாருக்கு என்ன கொடுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்று கணக்குப் பார்த்த மனிதர்களை எங்களுக்கும் தெரியும்.

உட்ரெக்டின் கதையும் அதோடு முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் போய் ஓராண்டுக்குள், 1674 ஓகஸ்ட் 1ஆம் திகதி, ஒரு புயல் நகரத்தின் பெரிய தேவாலயத்தின் நடுமண்டபத்தைச் சரித்துவிட்டது. அதை மறுபடி கட்டவேயில்லை. இன்றைக்கும் கோபுரம் ஒரு பக்கமும் தேவாலயத்தின் மிச்சம் மறுபக்கமும் நடுவில் வெறும் சதுக்கமுமாக நிற்கின்றன. டி ஹேம் அதைத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அன்ட்வேர்ப் ஓவியர் சங்கத்தின் 1683 - 84ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இறந்தவர்களின் வரிசையில் அவருடைய பெயர் வருகிறது. எழுபத்தேழு வயதளவு.

அவர் வரைந்த பழங்கள் அழியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அப்படியில்லை. வர்ணமும் அழுகும். பச்சை இலைக்கு நீலத்தின்மேல் பூசிய மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப்போவதால், அந்தக் காலத்து ஓவியங்கள் பலவற்றில் இலைகள் இப்போது நீலமாக நிற்கின்றன. மின்யோன் வரைந்த ஒரு மஞ்சள் ரோசாப்பூவை ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தார்கள். ஆசனிக் கலந்த மஞ்சளால் வரைந்தது. இன்று பார்த்தால் வெட்டி ஒட்டிய காகிதம் போலத் தட்டையாக இருக்கிறது. உள்ளே வருடிப் பார்த்தபோது, இதழ்களின் மடிப்பும் நிழலும் எப்படி இருந்தன என்பது தெரியவந்தது. மேலே இருந்த நுட்பமான படலங்கள் வேதியியல் மாற்றத்தில் போய்விட்டன. எல்லாம் வீண் என்று வரைந்த ஓவியத்துக்கே அது நடந்திருக்கிறது.

லூவர் மேசையின் பயணம் மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. பதினான்காம் லூயி மன்னரின் சேகரிப்பில்தான் அது இருந்தது. உட்ரெக்டுக்குப் படை அனுப்பிய அதே மன்னர். 1893இல் ஹென்றி மத்தீஸ் என்ற மாணவர் லூவரில் அதன் முன் நின்று பார்த்து வரைந்து படித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1915இல், உலகப் புகழ்பெற்ற ஓவியராகிவிட்ட மத்தீஸ் அதே மேசையை மறுபடி எடுத்தார். முதலாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அவர் வளர்ந்த பொஹெய்ன் என்ற ஊர் ஜெர்மன் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. வயதான தாய் போர்க்கோட்டுக்கு அந்தப் பக்கம் அகப்பட்டிருந்தார். இந்த முறை அவர் டி ஹேமைப் பார்த்து எழுதவில்லை. மேசையைக் கோடுகளாகவும் கோணங்களாகவும் வெட்டிப் பிரித்து, மூல ஓவியத்தை விடப் பெரிய துணியில், கறுப்பு விளிம்புகளோடு வரைந்தார். அது இப்போது நியூயோர்க்கில் நவீனக் கலை நூதனசாலையில் இருக்கிறது. இடது பக்கத்தில் லூட் அதே இடத்தில் சாய்ந்திருக்கிறது. மேசையில் ஆட்கள் இல்லை.